ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்: போன சீசன் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

டொராண்டோ பக்கம் செப்டம்பர் பிறந்துவிட்டால் அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஹாக்கி பூலுக்கு, அதாவது நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நண்பர்களுக்குள் நடக்கும் ஃபேன்டஸி போட்டிக்கு, ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார். நம் ஆட்களும் சும்மா ஒரு ஆசைக்குச் சேர்ந்துகொள்வோம். முன்வரிசை ஆட்டக்காரர்களை எடுப்பதில் பெரிய தகராறு வராது; போன வருஷம் நூறு புள்ளி எடுத்தவர் இந்த வருஷமும் ஏறக்குறைய அதே பக்கம்தான் இருப்பார். கோல்கீப்பர் விஷயத்தில்தான் எல்லோரும் கையைச் சுட்டுக்கொள்கிறோம். நானும் முதல் வருஷம் அப்படித்தான். முந்தைய சீசனின் பட்டியலில் உச்சியில் இருந்தவரை முதல் சுற்றிலேயே தூக்கினேன். கடைசியில் பன்னிரண்டு பேரில் பதினோராவது இடம்.

ஹாக்கி ரசிகர்களிடம் கேட்டால் ‘கோல்கீப்பர் என்றாலே மாந்திரீகம்’ என்று கையை விரித்துவிடுவார்கள். வேடிக்கையாகச் சொல்லும் பேச்சுதான், ஆனால் நிறையப் பேர் அதை நிஜமாகவே நம்புகிறார்கள். மாந்திரீகம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் நிகழ்தகவு, கொஞ்சம் அணி, கொஞ்சம் வேலைப் பளு, அவ்வளவுதான். கணக்குப் பிடிக்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். கூட்டல் வகுத்தலுக்கு மேல் எதுவும் வராது.

ஆட்டம் பற்றி ஒரு நிமிடம்

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரை, தயான் சந்த். இது பனித்தரையில் ஸ்கேட்டிங் காலணியோடு ஆடும் ஐஸ் ஹாக்கி. பந்துக்குப் பதில் பக் எனப்படும் ரப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஓடுவார்கள், ஒருவர் வலை முன்னால் நிற்பார். அவரை இங்கே எல்லோரும் ‘கோலி’ என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் விராட் வந்து நிற்பார், இல்லையென்றால் கோலிகுண்டு உருளும். அதனால் கோல்கீப்பர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வட அமெரிக்காவின் பெரிய போட்டித் தொடர் என்.எச்.எல். அதில் 32 அணிகள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம் என்பதுதான் நெடுநாள் வழக்கம். ஃபேன்டஸி என்பது அந்த நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நாம் காகிதத்தில் ஒரு அணி கட்டுவது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வது நம் அணியின் கணக்கில் ஏறும். நம்மவர்களுக்குப் பழகிய கிரிக்கெட் ஃபேன்டஸியில் ஆட்டத்துக்கு ஆட்டம் அணியை மாற்றலாம். இதில் சீசன் தொடக்கத்தில் டிராஃப்ட், அதாவது ஒருவர் மாற்றி ஒருவர் ஆள் எடுக்கும் சுற்று. யாரும் எடுக்காமல் மிஞ்சிய ஆளை நடுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், பெரும்பாலும் அப்படி எடுத்தவரோடுதான் ஆறு மாதம் குடித்தனம் நடத்த வேண்டும். அதனால்தான் ‘அடுத்த சீசன் எப்படி ஆடுவார்?’ என்ற கேள்விக்கு இவ்வளவு கனம்.

நான்கு எண்கள், ஒரு ஒழுகும் வீடு

பெரும்பாலான பூல்களில் கோல்கீப்பருக்கு நான்கு எண்களைத்தான் பார்ப்பார்கள்.

ஓட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது, கூரை ஒழுகுகிறது. தரையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? அது கூரையை மட்டும் பொறுத்ததில்லை, மழையையும் பொறுத்தது. எதிரணி அடிக்கும் ஷாட்டுகள்தான் மழை, கோல்கீப்பர்தான் கூரை.

தரையில் நிற்கும் தண்ணீரின் அளவுதான் கோல் சராசரி: 60 நிமிட ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டார் என்பது. கூரையின் தரத்தை அளக்கப் பார்ப்பது தடுப்பு விகிதம்: வலையை நோக்கி வந்த ஷாட்டுகளில் எத்தனை பங்கைத் தடுத்தார் என்பது. நூறு ஷாட்டில் 91-ஐத் தடுத்தால் 0.910. கோல் சராசரி குறைவாக இருந்தால் நல்லது, தடுப்பு விகிதம் கூடுதலாக இருந்தால் நல்லது. மற்ற இரண்டும் வெற்றி, ஷட்டவுட். ஷட்டவுட் என்றால் ஒரு கோல்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் முடிப்பது.

இப்போது ஒரே தரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் தடுப்பு விகிதம் 0.900. ஒருவருக்கு ஆட்டத்துக்கு 30 ஷாட் வருகிறது, 3 கோல் விடுவார். இன்னொருவரின் அணித் தடுப்பாட்டம் கெட்டி; 24 ஷாட்தான் வருகிறது, 2.4 கோல் விடுவார். கூரை ஒன்றுதான். மழைதான் வேறு. ஆனால் பூல் பட்டியலில் இரண்டாமவர் பெரிய ஆளாகத் தெரிவார், கூடவே வெற்றிகளும் அவருக்கே சேரும்.

சுருக்கமாகச் சொன்னால், இந்த நான்கு எண்களில் வெற்றியும் கோல் சராசரியும் பாதிக்கு மேல் அணியின் கதை. கோல்கீப்பரின் சொந்தத் திறமைக்குப் பக்கத்தில் வருவது தடுப்பு விகிதம் மட்டுமே. ‘அப்படியானால் அதை மட்டும் பார்த்தால் போதுமே’ என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

புளியங்கொட்டைப் பானை

ஒரு பானையில் ஆயிரம் புளியங்கொட்டை போடுங்கள். 95 கொட்டைகளைத் தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பது போல வெள்ளையாகத் தேய்த்துவிடுங்கள். மீதி 905 கறுப்பு. கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். கறுப்பு வந்தால் தடுத்தார், வெள்ளை வந்தால் கோல். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடி எடுங்கள். இந்தப் பானைதான் ‘உண்மையான திறமை 0.905’ உள்ள ஒரு கோல்கீப்பர்.

ஒரு முதல்நிலை கோல்கீப்பர் சீசனுக்கு ஐம்பது ஆட்டம் ஆடினால் சுமார் 1,500 ஷாட் சந்திப்பார். நீங்களும் 1,500 முறை எடுங்கள். வெள்ளை எத்தனை வரும்? சராசரியாக 142 அல்லது 143. ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படியே வராது. இந்தச் சோதனையை மூன்று முறை செய்தால் இரண்டு முறை விடை 131-க்கும் 154-க்கும் இடையில் விழும். மூன்றாவது முறை அதற்கும் வெளியே போய்விடும்.

131 வெள்ளை என்றால் தடுப்பு விகிதம் 0.913. 154 என்றால் 0.897. முதலாமவரை ‘அபாரம், கோப்பைக்குத் தகுதியானவர்’ என்பார்கள். இரண்டாமவரை ‘முடிந்துவிட்டது அவர் கதை’ என்பார்கள். பானை மாறவே இல்லை!

இதை 32 அணிகளுக்கும் நீட்டிப் பாருங்கள். 32 கோல்கீப்பர்களும் அச்சு அசலாக ஒரே திறமை என்று வைத்துக்கொண்டாலும், வெறும் குலுக்கலிலேயே ஏறக்குறைய ஐந்து பேர் 0.913-க்கு மேலே போவார்கள், ஐந்து பேர் 0.897-க்குக் கீழே விழுவார்கள். நிஜத்தில் திறமை வித்தியாசம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சீசனில் நம் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தில் ஒரு பெரிய பங்கு குலுக்கலிலிருந்து வந்தது. முன்வரிசை ஆட்டக்காரரின் வேலை இவ்வளவு மெல்லிய இடைவெளியில் அளக்கப்படுவதில்லை. கோல்கீப்பர்களில் மேலானவருக்கும் சுமாரானவருக்கும் நடுவே நூறு ஷாட்டுக்கு ஒன்றரை கோல்தான் வித்தியாசம். அந்த ஒன்றரைக்குள்தான் அதிர்ஷ்டமும் குடியிருக்கிறது.

உச்சியில் நின்றவர் அடுத்த முறை கொஞ்சம் இறங்குவதும், அடியில் கிடந்தவர் கொஞ்சம் ஏறுவதும் இதனால்தான். இதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். வகுப்பில் ஒரு தேர்வில் 99 வாங்கிய பையன் அடுத்ததில் 93 வாங்கினால் அவன் கெட்டுப்போய்விட்டான் என்று அர்த்தமில்லை. 99-இல் அவன் படிப்போடு அன்றைய கேள்வித்தாளின் தயவும் சேர்ந்திருந்தது.

மாமரம் இல்லை

செர்கே போப்ரோவ்ஸ்கி என்ற ரஷ்யக் கோல்கீப்பரை எடுத்துக்கொள்வோம். கொலம்பஸ் அணியில் இருந்தபோது ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை 2013-லும் 2017-லும் வாங்கியவர். 2019 கோடையில் ஃபுளோரிடா பான்தர்ஸ் அவரை ஏழு ஆண்டுகளுக்கு 7 கோடி டாலருக்கு எடுத்தது. அதன் பிறகு அவருடைய தடுப்பு விகிதம் சீசன் வாரியாக இப்படிப் போனது: 0.900, 0.906, 0.913, 0.901, 0.915.

இதைப் பார்த்து ‘ஒரு வருஷம் காய்ப்பார், ஒரு வருஷம் ஓய்வெடுப்பார்’ என்று மாமரக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மாமரத்துக்கு அதற்கான உடற்காரணம் இருக்கிறது. அதிகம் காய்த்த வருஷம் அதன் சத்து தீர்ந்துபோகிறது. கோல்கீப்பருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஏறி இறங்கி வருகிற எந்த வரிசையிலும் நம் மூளை ஒரு ஒழுங்கைத் தேடிப் பிடித்துவிடும். இந்த ஐந்து எண்களும் பானைக் கணக்கில் வரக்கூடிய ஏற்ற இறக்கத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகின்றன.

அதே ஐந்து சீசனில் அவர் வெற்றிகளைப் பாருங்கள்: 23, 19, 39, 24, 36. 39 வெற்றி வந்த 2021-22 சீசனில் புள்ளிப் பட்டியலில் லீக்குக்கே முதலிடம் ஃபுளோரிடாதான். 19 வந்த சீசன் கோவிட் காரணமாக 56 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதை மற்றவற்றோடு ஒப்பிடவே கூடாது. 24 வெற்றியோடு ‘காலி’ என்று எழுதப்பட்டவர், அந்த 2023 வசந்தத்திலேயே அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். 2024-லும் 2025-லும் என்.எச்.எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையே கைக்கு வந்தது. பூல்காரர்களுக்கு அதில் பைசா பிரயோஜனமில்லை. பெரும்பாலான பூல் ஏப்ரலோடு முடிந்துவிடும்; கோப்பைக்கான சுற்றுகள் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 0.910 என்ற எண்ணுக்கு எல்லா வருஷமும் ஒரே மதிப்பு கிடையாது. 2015 வாக்கில் லீக்கின் சராசரித் தடுப்பு விகிதமே சுமார் 0.915. 2024-25-இல் அது 0.900 பக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு 0.910 என்றால் சராசரிக்குக் கீழே. இன்றைக்கு நல்ல ஆள். பத்து வருஷத்துக்கு முந்தைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய கோல்கீப்பரைத் திட்டுகிற மாமாக்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

மழையின் கனத்தை அளப்பது

எல்லா ஷாட்டும் ஒன்றல்ல. தொலைவிலிருந்து உருட்டிவிட்டதும் வலை வாசலில் நின்று தட்டியதும் தடுப்பு விகிதத்தில் தலைக்கு ஒன்றுதான். தூறலையும் ஆலங்கட்டி மழையையும் ஒரே தட்டில் வைக்கிற மாதிரி.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் எதிர்பார்ப்புக் கோல். எவ்வளவு தூரம், எந்தக் கோணம், எந்த வகை ஷாட், தட்டி வெளியே வந்ததை மறுபடி அடித்ததா என்பதை வைத்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோலாகும் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். தொலைவு ஷாட்டுக்கு 0.03, வாசல் ஷாட்டுக்கு 0.20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் முதல் வகையில் பத்தும் இரண்டாம் வகையில் ஐந்தும் வந்தால் மொத்தம் 1.3. சராசரி கோல்கீப்பர் அந்த ஆட்டத்தில் 1.3 கோல் விடுவார் என்று எதிர்பார்க்கலாம். நம்மவர் ஒன்றே ஒன்றுதான் விட்டார் என்றால் 0.3 கோல் மிச்சம் பிடித்தார். சீசன் முழுவதும் இந்த மிச்சத்தைக் கூட்டினால், மழை எவ்வளவு கனமாகப் பெய்தது என்பதைக் கழித்துவிட்டுக் கூரையை மட்டும் பார்க்கலாம்.

நல்ல கருவி, ஆனால் இதையும் தலையில் தூக்கிவைக்காதீர்கள். ஷாட்டுக்கு முன்னால் வந்த குறுக்குப் பாஸையும், கோல்கீப்பரின் கண்ணை மறைத்து நின்ற ஆளையும் பொதுவில் கிடைக்கும் தரவு சரியாகச் சொல்வதில்லை. பானைக் குலுக்கலும் இதற்குள் அப்படியேதான் இருக்கிறது.

எத்தனை நாள் நிற்பார்?

என் கணிப்பில் பூல்காரர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பது இதைத்தான். 2006-07 சீசனில் மார்ட்டின் பிரோடர் 82-இல் 78 ஆட்டம் நின்றார், 48 வெற்றி. இன்று அப்படி யாரும் நிற்பதில்லை. அறுபதைத் தாண்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பல அணிகள் இரண்டு பேரை மாற்றி மாற்றி நிறுத்துகின்றன.

நிற்காத நாளில் வெற்றியும் இல்லை, ஷட்டவுட்டும் இல்லை. 0.915 வைத்துக்கொண்டு 40 ஆட்டம் நிற்பவரைவிட, 0.907 வைத்துக்கொண்டு நல்ல அணியில் 60 ஆட்டம் நிற்பவர் பெரும்பாலான பூல்களில் கூடுதல் மதிப்புள்ளவர். தடுப்பு விகிதம் வருஷா வருஷம் குதிக்கும். பயிற்சியாளர் யாரை முதல் ஆள் என்று நம்புகிறார் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. கணிக்க முடிந்ததற்குக் காசைப் போடுவது நல்லதா, குலுக்கலுக்குப் போடுவது நல்லதா?

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்த்தால்: திறமை மெதுவாக மாறும். அணியின் தரம் கோடையில் யார் வந்தார், யார் போனார் என்பதைப் பொறுத்து மாறும். நிற்கும் நாட்கள் காயத்தாலும் இரண்டாம் ஆளின் எழுச்சியாலும் மாறும். குலுக்கல் ஒவ்வொரு அக்டோபரும் முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு வீட்டுக் கணக்கு

நான் டிராஃப்டுக்கு முந்தின இரவு போடும் கணக்கு இது. கடைசி சீசனின் தடுப்பு விகிதத்தை மூன்றால் பெருக்குவேன், அதற்கு முந்தையதை இரண்டால், அதற்கும் முந்தையதை ஒன்றால். கூட்டி ஆறால் வகுத்தால் ஒரு சராசரி வரும். அதற்கும் லீக் சராசரிக்கும் நடுவில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வேன். பாதி திறமை, பாதி குலுக்கல் என்ற தோராயம்தான். நிபுணர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், இருக்கட்டும்.

பாஸ்டனின் லினஸ் உல்மார்க் 2022-23-இல் 49 ஆட்டம், 40 வெற்றி, 0.938. வெசினா கோப்பை அவருக்கே. அவர் அணியும் அந்த சீசனில் 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் சாதனை படைத்தது. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் அவர் 0.917. கணக்குப் போட்டால் 0.9275 வருகிறது. லீக் சராசரி சுமார் 0.904. நடுப்புள்ளி 0.916. அடுத்த சீசனில் அவர் நிஜமாக எடுத்தது 0.915. கோடையில் பெர்ஜரோன், கிரெய்ச்சி என்ற இரண்டு பழம்பெரும் நடுவரிசைக்காரர்கள் ஓய்வு பெற்றிருந்தார்கள்; அணியின் இன்னொரு கோல்கீப்பர் ஜெரமி ஸ்வேமன் பாதிக்கு மேல் ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். உல்மார்க்கின் வெற்றிகள் 40-இலிருந்து 22 ஆனது. அவர் மோசமாக ஆடவில்லை என்பதைக் கவனியுங்கள். 0.915 என்பது அந்த சீசனில் சராசரியைவிட நன்றாகவே மேல். முந்தைய வருஷத்தின் விலையைக் கொடுத்து வாங்கியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

இவ்வளவு கச்சிதமாக வந்த உதாரணத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால் அது ஜோசியக்காரர் வேலை. கணக்கு தோற்ற இடமும் உண்டு. வின்னிபெக்கின் கானர் ஹெல்லபக் 2021-22 முதல் மூன்று சீசன்களில் 0.910, 0.920, 0.921. என் முறைப்படி அடுத்து 0.911 வர வேண்டும். அவர் 2024-25-இல் எடுத்தது 0.925. கூடவே 47 வெற்றி, 8 ஷட்டவுட், வெசினா, அதோடு லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான, கோல்கீப்பர்களுக்கு அபூர்வமாகவே கிடைக்கும் ஹார்ட் கோப்பை. கணக்குச் சொன்னதைவிட இருபதுக்கும் மேற்பட்ட கோல்களை மிச்சம் பிடித்திருக்கிறார். நீண்ட காலமாக ஒவ்வொரு சீசனும் அறுபது ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஆடியவர் என்பதால், அவர் விஷயத்தில் நடுப்புள்ளி வரை இழுத்திருக்கக் கூடாது. சந்தித்த ஷாட்டுகள் கூடக்கூட அவருடைய சொந்த எண்ணை அதிகம் நம்பலாம். இரண்டே சீசன் ஆடிய இளைஞரை லீக் சராசரிப் பக்கம் இன்னும் நெருக்கமாக இழுக்க வேண்டும்.

அப்புறம், மதிப்பு என்றால் என்ன?

ஃபேன்டஸியில் ஒருவரின் மதிப்பு அவர் எவ்வளவு நல்லவர் என்பதில் இல்லை. யாரும் எடுக்காமல் இலவசமாகக் கிடக்கும் ஆளைவிட அவர் எவ்வளவு மேல் என்பதில் இருக்கிறது. பத்துப் பேர் பூலில் ஆளுக்கு இரண்டு கோல்கீப்பர் என்றால் 20 பேர் போவார்கள். 32 அணியின் முதல் ஆட்களில் இன்னும் 12 பேர் மிச்சம். அதே பூலில் ஆளுக்கு மூன்று என்றால் பஞ்சம் வந்துவிடும், விலையும் ஏறும். அதனால் முதலில் உங்கள் பூலின் விதியைப் படியுங்கள். தடுத்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் புள்ளி தரும் பூலில் மழை கொட்டும் வீட்டுக் கோல்கீப்பருக்கும் மவுசு உண்டு. நான்கு எண் பூலில் அவர் பாரம்.

சிறிய பூல் என்றால் நான் முதல் நான்கைந்து சுற்றுகளில் கோல்கீப்பர் பக்கம் போவதே இல்லை. நல்ல அணியில், நிற்பது உறுதியான ஒருவரை நடுச் சுற்றில் எடுப்பேன். கடைசிச் சுற்றில், முதல் ஆள் தடுமாறும் அணியின் இரண்டாம் ஆளை எடுத்துவைப்பேன்.

2019 ஜனவரி தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் அணி லீக்கிலேயே கடைசி இடத்தில் கிடந்தது. அந்த அணியின் கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டன் பெயர் எந்த பூல் பட்டியலிலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து நிறுத்தப்பட்ட ஆட்டத்திலேயே ஷட்டவுட். சீசன் முடியும்போது 24 வெற்றி, 0.927, ஜூனில் ஸ்டான்லி கோப்பை. அடுத்த வருஷம் அவர் 0.912-க்கு இறங்கினார், பானை எதிர்பார்த்தபடியே. ஆனால் முதல் ஆள் என்ற நாற்காலி அவரிடம் இருந்தது. 50 ஆட்டம், 30 வெற்றி. அந்த ஜனவரியில் அவரை எடுத்தவர்களுக்கு ஒரு டிராஃப்ட் சுற்றுகூடச் செலவாகியிருக்காது. இன்று வலையில் யார் நிற்கிறார் என்று காலையில் காபியோடு பார்க்கிற பழக்கம் ஒன்றுதான் அவர்களிடம் இருந்திருக்கும்.